நார்ட்டன் கமாண்டோவின் 40 மில்லிமீட்டர் பலவீனம்

பழைய நார்ட்டன் கமாண்டோ மோட்டார் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. வேகமெடுக்கும்போது கிக்கர் தானாக அசைந்தால் வண்டியை ஓரம்கட்டு, அதற்குமேல் ஓட்டாதே. கியர்பாக்ஸுக்குள் ஒரு பேரிங் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி அது. பேரிங் முழுதாக நொறுங்கினால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று சிக்கி இறுகும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தாலும் விடாது.

இந்தக் கோளாறின் கதை கமாண்டோவுக்குப் பத்தாண்டுகள் முன்பே தொடங்குகிறது. பர்மிங்காமில் இருந்த நார்ட்டன் நிறுவனத்தை 1953இல் லண்டனின் அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸ் வாங்கியது. ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், நார்ட்டன் ஆகிய தன் பிராண்டுகள் மூன்றுக்கும் பொதுவாக ஒரே நான்கு கியர் பெட்டியை 1957ஆம் ஆண்டு மாடல்களுக்கென அந்த நிறுவனம் கொண்டுவந்தது. நல்ல பெட்டி அது. கியர் மாற்றம் வெண்ணெயாக இருந்தது. அப்போது நார்ட்டனின் பெரிய இரட்டை சிலிண்டர் வண்டி 596 சிசி டாமினேட்டர் 99. அதன் திறன் ஏறத்தாழ 31 குதிரைத்திறன். அந்தச் சுமையைப் பெட்டி சிரமமின்றித் தாங்கியது.

பிறகு எஞ்சின் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1962இல் 745 சிசி அட்லஸ் வந்தது. 1966இல் தாய் நிறுவனம் திவாலாக, டென்னிஸ் பூர் தலைமையிலான மாங்கனீஸ் ப்ரோன்ஸ் குழுமம் அதைக் கைக்கொண்டு நார்ட்டன் வில்லியர்ஸை உருவாக்கியது. புதிதாக வடிவமைத்துக்கொண்டிருந்த 800 சிசி இரட்டை கேம் எஞ்சின் சரிப்பட்டு வரவில்லை. பழைய அட்லஸ் எஞ்சினையே முன்பக்கம் சாய்த்து, எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரக் கை மூன்றையும் ரப்பர்மேல் ஏற்றி, அதிர்வு ஓட்டுநரை எட்டாதபடி செய்தார்கள். இப்படிப் பிறந்த கமாண்டோ 1967 செப்டம்பரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதிர்வை அடக்கிய அந்த ஏற்பாடு உண்மையிலேயே அருமையான பொறியியல். ஆனால் அதன் நடுவில் அமர்ந்திருந்தது 1957இன் கியர்பாக்ஸ். நிறுவனம் சொன்ன கணக்குப்படியே எஞ்சின் திறன் 58 குதிரைத்திறனைத் தொட்டிருந்தது. 1973இல் கொள்ளளவு 828 சிசி ஆனது.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். மேல் கியரில் விசை முதன்மைத் தண்டான மெயின்ஷாஃப்ட் வழியே நேராகச் செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் போய்விடும். கீழே இருக்கும் துணைத் தண்டான லேஷாஃப்ட் சும்மா சுழலும். முதல் மூன்று கியர்களில் அப்படியல்ல. விசை மெயின்ஷாஃப்ட்டிலிருந்து லேஷாஃப்ட்டுக்கு இறங்கி, அதன் இடது முனைப் பற்சக்கரம் வழியாக மீண்டும் மேலேறும். அழுத்தம் முழுவதும் அந்த இடது முனையில் குவிகிறது. அங்கே இருப்பது 6203 என்ற எண்ணுள்ள சாதாரண பால் பேரிங். உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ.

குண்டுகளை இடைவெளி விட்டுப் பிரித்து வைத்திருக்கும் கூண்டு முதலில் உடைகிறது. குண்டுகள் ஒரு பக்கமாகக் குவிய, லேஷாஃப்ட் சாய்கிறது. அதன் வலது முனை கிக்கர் தண்டுக்குள் இருக்கும் புஷ்ஷில் சுழல்வதால், சாய்ந்த முனை அங்கே இறுகிக் கிக்கரையும் இழுத்துக்கொண்டு திரும்பும். காலருகே தெரியும் அசைவுக்குக் காரணம் அதுவே. போர்ச்சுகலில் தயாரான சில பேரிங்குகள்மீதுதான் உரிமையாளர்கள் அதிகம் பழி சுமத்துகிறார்கள். பழியில் ஓரளவு நியாயம் இருக்கலாம். என்றாலும் 31 குதிரைத்திறனுக்கு அமைந்த இடத்தில் ஏறத்தாழ அதன் இருமடங்கை ஏற்றியதுதான் மூலக் காரணம்.

எஞ்சினிலும் இதே கதை நடந்தது. 1972இல் 65 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்திய காம்பாட் எஞ்சினில் கிராங்க் பேரிங்குகள் விரைவிலேயே அழிந்தன. ஓரங்களில் லேசாக வளைவு கொடுத்த ‘சூப்பர்பிளெண்ட்’ ரோலர் பேரிங்குகள் வந்த பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது.

லேஷாஃப்ட்டுக்கும் தீர்வு ரோலர்தான். மேசைமேல் கோலிக்குண்டு ஒரு புள்ளியில் தொடும், பென்சில் ஒரு கோட்டில் தொடும். பாரம் கோட்டில் பரவுவதால் ரோலர் கூடுதலாகத் தாங்குகிறது. என்ஜே203 என்ற ரோலர் பேரிங்கின் அளவுகள் 6203இன் அளவுகளேதான். தாங்குதிறனோ, இன்றைய தயாரிப்பாளர்களின் பட்டியல்படி, சுமார் இரு மடங்கு. வீட்டுப் பட்டறையிலேயே மாற்றலாம். அலுமினியக் கூட்டைச் சூடாக்கினால் பழையது கழன்று வரும், புதியது எளிதில் உட்காரும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பால் பேரிங் தண்டைப் பக்கவாட்டிலும் பிடித்து நிறுத்தும். இந்த ரோலர் இரு பக்கமும் அப்படிப் பிடிக்காது. ஆகவே தண்டின் பக்க அசைவை அளந்து, வேண்டிய தடிமனுள்ள ஷிம் வைக்க வேண்டும். ரோலர் வேண்டாம் என்பவர்களுக்குப் பாலிஅமைடு கூண்டுள்ள 6203 உண்டு.

1969இல் ஹோண்டா சிபி750 ஐந்து கியர்களோடு வந்து நின்றபோதும் கமாண்டோ நான்கு கியரிலேயே ஓடியது. 1977இல் உற்பத்தி முடியும்வரை அந்த அடிப்படைப் பெட்டி மாறவில்லை. புதிய பெட்டிக்குப் புதிய அச்சுகளும் இயந்திரங்களும் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காமல் பழையதையே இழுத்து ஓட்டியது நிர்வாகத்தின் தவறு. அதன் விலையை ஓட்டியவர்கள் கொடுத்தார்கள்.

இன்று கமாண்டோ வாங்குகிறவர்கள் குரோமையும் பெயிண்டையும் பார்க்கும் முன் லேஷாஃப்ட் பேரிங் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். சான்று காட்ட முடியாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். முதல் நெடும்பயணத்துக்கு முன்பே பெட்டியைத் திறந்து, அந்தப் பேரிங்கை மாற்றிவிடுங்கள்.