இல்லாத நாடு வென்ற கிண்ணம்

வேலையிடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் வியட்நாமியர். என்னைப் போலவே ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய கணினித் திரைக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு கொடி நிற்கும். மஞ்சள் துணி, நடுவில் மூன்று சிவப்புக் கோடுகள். வியட்நாமின் கொடி சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம் அல்லவா என்று பல மாதங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது வாய்விட்டுக் கேட்டேன்.

"அப்பாவின் நாட்டுக் கொடி. அந்த நாடு இப்போது இல்லை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனால் ஒரு உதைபந்தாட்டக் கிண்ணம் வென்றிருக்கிறது" என்றார்.

அன்று இரவு தேட உட்கார்ந்தவன் நித்திரைக்குப் போகும்போது இரண்டு மணி. அந்தக் கிண்ணத்தின் பெயர் மெர்டேக்கா.

மலாய் மொழியில் 'மெர்டேக்கா' என்றால் விடுதலை. 1957 ஓகஸ்ட் 31ஆம் திகதி, கோலாலம்பூரில் அதற்கென்றே கட்டி முடித்திருந்த புதிய விளையாட்டரங்கில், துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் சுதந்திரத்தை அறிவித்தார். கையை உயர்த்தி ஏழு தடவை "மெர்டேக்கா" என்று கூவினார். அரங்கின் பெயரும் அதுவே. அங்கே தொடங்கிய உதைபந்தாட்டப் போட்டியின் பெயரும் அதுவே. நாட்டின் முதல் பிரதமரான துங்கு மலாயா உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அடுத்த வருடம் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவரும் ஆனார். பிரதமரே சங்கத் தலைவர் என்றால் இன்று நாம் முகம் சுளிப்போம். ஆனால் அவருக்குப் பந்தின் மேல் இருந்த ஆசை நடிப்பு இல்லை.

(ஒரு பொறியியல்காரனின் இடைச்செருகல்: அந்த அரங்கின் நான்கு கொங்கிரீட் விளக்குக் கோபுரங்களின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். முன்தகைப்புக் கொங்கிரீட்டில் அவ்வளவு உயரமான கோபுரங்கள் அப்போது உலகில் வேறெங்கும் இல்லை என்கிறார்கள். முகம்மது அலி 1975இல் ஜோ பக்னரோடு குத்துச்சண்டை போட்டதும் இதே அரங்கில்தான்.)

மெர்டேக்கா ஓர் அழைப்புப் போட்டி. உலகக் கிண்ணம் போலத் தகுதிச் சுற்று கிடையாது. மலாயா அழைப்பு அனுப்பும், வர விரும்பியவர்கள் வருவார்கள். கேட்கும்போது இது சின்ன விசயம். அந்தக் காலத்து ஆசியாவை நினைத்துப் பாருங்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம்தான். பர்மா, இந்தோனேசியா, கம்போடியா எல்லாம் புத்தம்புதுக் கொடிகள். கொரியாவில் போர் நின்று நான்கு வருடம். ஐரோப்பாவுக்குப் போய் விளையாட அநேகரிடம் காசு இல்லை, அங்கிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. அப்படிப்பட்ட நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்து, கொடி ஏற்றி, தேசிய கீதம் இசைத்து, பக்கத்து நாட்டோடு விளையாட விட்ட இடம் இது. வருடா வருடம் கூடும் ஆசியத் திருவிழா என்றே சொல்லலாம்.

முதல் வருடமே ஒரு வேடிக்கை. விடுதலையின் பெயரால் வைத்த கிண்ணத்தை வென்றது ஹொங்கொங், அப்போதும் பிரித்தானியக் குடியேற்ற நாடு! அடுத்த மூன்று வருடமும் மலாயாவின் கை ஓங்கியிருந்தது, 1960இல் மட்டும் தென்கொரியாவோடு பட்டத்தைப் பகிர்ந்தது. 1961, 1962 இரண்டும் இந்தோனேசியாவுக்கு. 1963இல் மலேசியா என்ற புதிய கூட்டரசு உருவானதை எதிர்த்து அதே இந்தோனேசியா மோதலில் இறங்கியது. கிண்ணத்தைத் தூக்கிச் சென்ற விருந்தாளி எல்லையில் படையோடு நின்றார். 1969இல் திரும்ப வந்து மறுபடியும் வென்றார்.

1963இல் வென்ற சீனக் குடியரசின் அணி, அதாவது தாய்வான், இன்னும் விசித்திரம். அந்தக் காலத்தில் அந்த அணியில் பெரும்பாலும் ஹொங்கொங் வீரர்களே ஆடினார்கள். ஓரிடத்தில் வாழ்ந்துகொண்டு இன்னோர் இடத்தின் சட்டையைப் போடுவது நமக்குப் புதிதா என்ன? 1974இல் மக்கள் சீனத்தை உள்ளே எடுத்த ஆசியக் கூட்டமைப்பு தாய்வானை வெளியே அனுப்பியது.

இந்தியா இரண்டு தடவை கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்தது. 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம். 1964 இறுதிப் போட்டியில் பர்மா ஒரே ஒரு கோலால் தோற்கடித்தது. இன்று பர்மாவை உதைபந்தாட்ட வல்லரசு என்றால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள். 1966இலும் 1970இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்த அணி அது.

அந்தப் பர்மாவைத்தான் 1966 மெர்டேக்கா இறுதிப் போட்டியில் தெற்கு வியட்நாம் 1–0 என்று வென்றது. ஊரில் போர் உச்சத்தில் இருந்த வருடம். அணித்தலைவர் பாம் ஹுயின் தாம் லாங், பின்கள வீரர். பயிற்றுநர் கார்ல் ஹைன்ஸ் வைகாங், ஜேர்மனியர். ஒன்பது வருடத்துக்குள் அந்த நாடே முடிந்துபோனது. 1975 ஏப்ரல் 30ஆம் திகதி சைகோன் வீழ்ந்தது. இலட்சக்கணக்கானவர்கள் படகேறினார்கள். என் பக்கத்து மேசைக்காரரின் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

தாம் லாங் படகேறவில்லை. அதே ஊரில் இருந்தார். சைகோன் துறைமுகக் கழகத்துக்குப் பயிற்றுநராகி, புதிய வியட்நாமின் தேசிய சம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தார். ஓடியவர் கோழை, இருந்தவர் துரோகி என்று தீர்ப்பு எழுதுபவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கூடங்களிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தாம் லாங்கின் கதையை வாசித்தபோது எனக்கு அந்தத் தீர்ப்புகள் மிகவும் மலிவாகத் தெரிந்தன.

விருந்து வைத்த மலேசியாவின் அணியையும் சொல்லாமல் விட முடியாது. 1970களில் அந்த அணியின் பெயர்ப் பட்டியலே ஒரு பாடம்: மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர். 1969இல் கோலாலம்பூர் தெருக்களில் இனக்கலவரம் நடந்து முடிந்திருந்த நாடு அது என்பதை மறக்காதீர்கள். அதற்கு முந்திய தலைமுறையில் எம். சந்திரன் என்ற பின்கள வீரர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடினார்.

ஆர். ஆறுமுகம் கோல் காப்பாளர். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பட்டம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் தென்கொரியாவை மலேசியா 2–1 என்று வென்றபோது கோலைக் காத்தவர் அவர். ஆனால் அணி மொஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததற்கு எதிரான புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்துகொண்டது. ஆறுமுகம் 1988இல் கார் விபத்தில் இறந்தார், வயது 35. 2016இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியின் கதையிலிருந்து பிறந்தது. அதில் முத்து என்ற கோல் காப்பாளர் வருவார். பாருங்கள். (மலேசியத் தமிழர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்ல மாட்டார்கள், காற்பந்து என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது.)

பிறகு மெர்டேக்கா மெல்ல மங்கியது. தாய்லாந்து 1968இல் மன்னர் கிண்ணம் தொடங்கியது, தென்கொரியா 1971இல் தன் ஜனாதிபதியின் பெயரில் ஒன்று. அழைப்புகள் பெருகின. பின்னாளில் தேசிய அணிகளுக்குப் பதிலாகக் கழகங்களும் இரண்டாம் தர அணிகளும் வந்தன. சில வருடங்கள் போட்டியே நடக்கவில்லை.

பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 2023 ஒக்டோபரில் மறுபடி நடந்தது, அதுவும் வேறு அரங்கில். மலேசியா, இந்தியா, தஜிகிஸ்தான், பலஸ்தீனம் என்று நான்கு அணிகள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னர் காசாவில் போர் வெடித்தது. பலஸ்தீன வீரர்களால் வெளியே வர முடியவில்லை. அவர்களோடு ஆட வேண்டிய தஜிகிஸ்தான் நேரே இறுதிப் போட்டிக்குப் போய், மலேசியாவைத் தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்தது.

போன கோடையில் பக்கத்து மேசைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய அப்பாவிடம் மெர்டேக்கா என்று சொன்னதும் மனிதர் எழுந்தே விட்டார். 1966இல் அவர் சின்னப் பையன். பக்கத்து வீட்டு வானொலிக்கு முன்னால் தெருவே கூடியதாம்.

நான் வைகாங் பற்றிச் சொன்னேன். அந்த ஜேர்மனியர் பிறகு மலேசிய அணிக்கே பயிற்றுநரானார். 1995இல் வியட்நாமுக்குத் திரும்பினார், இம்முறை சிவப்புக் கொடி அணிக்கு. அந்த வருடத் தென்கிழக்காசிய விளையாட்டில் அந்த அணி வெள்ளி எடுத்தது.

"தெரியும்" என்றார் அவர். "இருபது வருடமாக அந்தக் கொடியைக் கண்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவேன். பத்திரிகையில் வைகாங்கின் பெயரைப் பார்த்தபிறகு, யாருக்கும் சொல்லாமல், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் தேடி வாசித்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கள் வீட்டில் எப்படி? இலங்கை கிரிக்கெட் பார்ப்பீர்களா?" என்று கேட்டார்.

1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டி அன்று எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் போட்ட சண்டையை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். சாப்பாடு ஆறிப்போனது.