பதினாறு நிறத்தில் ஒரு கப்பல் தளம்

கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைவது என் பிழைப்பு. மரக்கப்பலின் மேல்தளம் அதில் அடிக்கடி வரும் வேலை. பாத்திரங்கள் நடமாட இடம் விட வேண்டும். விட்ட இடம் வெறுமையாகவும் தெரியக் கூடாது. முன்னோடிகள் இதைப் பதினாறே நிறங்களை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள்.

1984இல் ஐபிஎம் கொண்டுவந்த இஜிஏ வரைகலை அட்டை, 320க்கு 200 பிக்சல் திரையில் 16 நிறம் காட்டும். அதில் பழுப்பு ஒன்றே ஒன்று. லூகாஸ்ஃபில்ம் கேம்ஸின் ஓவியர் மார்க் ஃபெராரி, இரு நிறப் புள்ளிகளைச் சதுரங்கக் கட்டமாக மாற்றி மாற்றி அடுக்கி, இல்லாத மூன்றாம் நிறத்தைக் கண்ணுக்குக் காட்டினார். 1990இல் வந்த ‘லூம்’ விளையாட்டில் அந்தக் கைவேலையைப் பார்க்கலாம்.

பழுப்புக்குப் பஞ்சம் இருந்தாலும் கறுப்பு இருந்ததே! கப்பல் தளத்தைத் தளமாக்குவது கறுப்புக் கோடுதான். பலகைகளின் இடுக்கில் தார் தோய்ந்த சணல் நாரை அடித்து இறுக்கி, மேலே கீலைக் காய்ச்சி ஊற்றுவார்கள். தண்ணீர் கீழே இறங்காது. அந்தக் கோடுகள் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்கும்போது பார்வை தானே கப்பலின் முன்முனை வரை ஓடிவிடும்.

1991இல் ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்குப் பின்னணிகளைக் காகிதத்தில் தீட்டி ஸ்கேன் செய்தார்கள்; நிறம் 256 ஆனது. 1994இல் ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது. பலகை ஒன்றில், கீல் ஒன்றில், பாய்மர நிழல் இன்னொன்றில் என்று பிரித்து வரைய முடிந்தது.

இன்று மென்பொருளின் மர பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தால் தளம் தயார். பெரும்பாலும் அடர்பழுப்பு, வார்னிஷ் மினுக்கு. போர்க்கப்பல் தளத்தையோ மாலுமிகள் மண்டியிட்டு, மணலும் தண்ணீரும் விட்டு, மணற்கல்லால் தேய்த்து வெளுக்க வைத்தார்கள். பலகை தேய்கிறதென்று 1931இல் அமெரிக்கக் கடற்படை அந்த வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது.

என்னிடம் படம் காட்ட வரும் இளைஞர்களிடம் நான் முதலில் பார்ப்பது பலகை முனைகளை. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் முனை ஒரே வரிசையில் வந்தால் தளம் அங்கே பலவீனப்படும் என்று தச்சர்கள் தள்ளித் தள்ளி இணைப்பார்கள். பிரஷ்ஷுக்கு அது தெரியாது. வரைகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.