தோலைப் பார்க்கும் கண்கள்

உடலில் தடிப்போ வெண்படையோ கண்டவரைக் குருவிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம். குரு தோலைப் பார்ப்பார். ஐயம் இருந்தால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்ப்பார். நோய் உறுதியானால் அம்மனிதர் பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ வேண்டும். அந்நூல் சொல்லும் நோய் இன்று நாம் தொழுநோய் என்றழைப்பது மட்டும் அன்று. ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும் அது அதே சொல்லால் குறிக்கிறது. எனினும், தோலைப் பார்த்தல் என்பது பல நூற்றாண்டுகளாக மனிதரை வெளியேற்றுவதற்கான முதற்படியாகவே இருந்துவந்தது. அதே பார்வை மனிதரைக் காக்கும் முதற்படியாக மாறிய வரலாற்றில், நமது செங்கல்பட்டுப் பகுதியின் சிற்றூர்களுக்கும் அங்குள்ள பள்ளிக்கூடங்களுக்கும் ஓர் இடமுண்டு.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். கிருமி தெரிந்தது, மருந்து தெரியவில்லை. 1898-இல் ஆங்கில அரசு இயற்றிய சட்டம், ஆதரவற்றுத் திரியும் தொழுநோயரைப் பிடித்துக் காப்பிடங்களில் அடைக்க வழிசெய்தது. இச்சட்டம் 2016-இல்தான் முழுவதுமாக நீக்கப்பட்டது. பிடித்து அடைப்பார்கள் என்ற அச்சம் இருக்கும் ஊரில் யார் தம் உடலில் உள்ள படையைக் காட்டுவார்? நோயர் ஒளிந்தனர், நோயும் அவர்களோடு ஒளிந்து பரவியது.

1940-களில் சல்போன் மருந்துகள் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் காக்ரேன் அம்மருந்துகளை முதன்முதலில் பயன்படுத்தியவர்களுள் ஒருவர். டாப்சோன் மாத்திரை மலிவானது, வீட்டிலிருந்தே உண்ணக்கூடியது. இனி நோயரை ஊரைவிட்டு அகற்றத் தேவையில்லை. மருந்து ஊருக்குள் சென்றால் போதும். 1955-இல் இந்திய அரசு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய நாட்டவரின் தொழுநோய் மையம் உருவாயிற்று.

அம்மையத்தைத் தொடங்கிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரெய்க்ஸ், காங்கோ நாட்டில் பல ஆண்டுகள் தொழுநோயரிடையே உழைத்தவர். அவருடன் பணியாற்றி, அவருக்குப்பின் பொறுப்பேற்ற மருத்துவர் கிளேர் வெல்லட் பின்னாளில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். இருவரும் குருவோ துறவியோ அல்லர். பொதுநிலையினர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். நோயர் மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குறித்த நாளில், குறித்த சாலையோரத்தில், மர நிழலில் மேசை போட்டு மருந்து கொடுத்தனர். நோய் முற்றி விரல் மடங்கிய பின்னரே வருவோரைக் கண்டு மனம் வருந்திய இப்பணியாளர்களுக்கு ஒன்று புலனாயிற்று: நோயை அதன் தொடக்கத்திலேயே காண வேண்டும், தொடக்கம் பெரும்பாலும் இளம் வயதில் இருக்கிறது.

ஆகவே நாடு முழுவதும் பள்ளிகளில் ஆய்வு நடைபெற்றது. தொழுநோய் ஆய்வாளர் பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளின் தோலைப் பார்ப்பார். வெளிறிய படை தென்பட்டால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் மெல்லத் தொடுவார். தொட்ட இடத்தைப் பிள்ளை விரலால் காட்ட வேண்டும். காட்ட இயலாத இடத்தில் உணர்ச்சி மறைந்திருக்கிறது என்று பொருள். முழங்கைப் பக்கத்து நரம்பு தடித்துள்ளதா என்றும் தடவிப் பார்ப்பார். இதற்குக் கருவியும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். பழகிய கண்ணும் பொறுமையும் போதும். இந்நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலால் ஒரு பிள்ளையிடம் அது காணப்பட்டால், அருகில் மருந்து உண்ணாத பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். பல வேளைகளில் அதே வீட்டில். பள்ளியில் தொடங்கிய ஆய்வு இவ்வாறு வீட்டுக்கும் வழிகாட்டியது.

உண்மையில் பள்ளிகளில் மிகுதியாகக் கண்ணில் பட்டவை தேமல், சொறி சிரங்கு, படர்தாமரை ஆகியவையே. இவை உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் இரவெல்லாம் அரிப்பால் உறங்காத பிள்ளை காலையில் எப்படிப் படிக்கும்? சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால், சிலருக்குச் சிறுநீரகம்கூடப் பாதிப்புறும். ஒரு நோயைத் தேடிச் சென்ற கண்கள் பல துன்பங்களைக் கண்டன.

ஆயினும் இப்பார்வைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. வகுப்பின் முன்னிலையில் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்தாலே போதும். அடுத்த நாள் அதன் அருகில் அமர எவரும் இரார். அக்காளின் திருமணப் பேச்சு நின்றுபோகும். முகத்தில் நரம்புகள் மிகுதி. ஆதலால் அங்குள்ள படையில் உணர்ச்சி குறைந்ததா என்று அறிவது கடினம். பிள்ளைகளின் தொடக்கநிலைப் படைகள் பல தாமாகவே மறைந்தும் போகும். அவசரத்தில் சூட்டிய பெயரோ மறைவதில்லை. ஆகவே நல்ல ஆய்வாளர் ஐயமுள்ள பிள்ளைக்குப் பெயர் சூட்டாமல், சில மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பார். லேவியர் நூலின் குருவும் ஏழு நாள் காத்திருந்தார். ஆனால் அடைத்துவைத்துக் காத்திருந்தார். இவரோ பிள்ளையை அதன் இருக்கையிலேயே இருக்கவிட்டுக் காத்திருக்கிறார். பெண் பிள்ளைகளை மறைவான இடத்தில் பெண் பணியாளரே பார்ப்பதும், கண்டதைப் பெற்றோரிடம் மட்டும் சொல்வதும் மருந்து கொடுப்பதைப் போலவே முதன்மையானவை.

டாப்சோனை மட்டும் உண்டபோது கிருமி அதனை எதிர்க்கப் பழகியது. எனவே 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது ஓராண்டில் நோய் குணமாகும் காலம் பிறந்தது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், நாட்டில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நோய் உள்ளது என்ற நிலையை இந்தியா எட்டியது. அது பெரும் சாதனை. ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்றே பலர் பொருள் கொண்டனர். தனிப் பணியாளர்கள் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டனர். படையை அறிந்த கண்கள் ஒவ்வொன்றாய் ஓய்வு பெற்றன. இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயருள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் குழந்தைகளும் உள்ளனர். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றனர். முப்பது வகைக் குறைகளை ஒரே நாளில் பார்க்க வேண்டியவர்களுக்கு முதுகில் உள்ள ஒரு சிறு வெளிறிய படை தப்பிவிடக்கூடும்.

ஆகவே இப்பணியில் நமக்கும் பங்குண்டு. குளிப்பாட்டும் தாயும் வகுப்பாசிரியரும் ஆண்டு முழுவதும் பிள்ளையைப் பார்க்கிறவர்கள். மறையாத படையைக் கண்டால் மறைக்காமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். மருந்து இலவசம், சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு நீங்கிவிடுகிறது. ஆதலால் அப்பிள்ளை பள்ளியை விட்டு ஒருநாளும் நிற்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அது அமர்ந்த இருக்கையிலேயே தொடர்ந்து அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. தொழுநோயரைக் குணமாக்கும் முன்பே ஆண்டவர் கையை நீட்டித் தொட்டார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த வரிசை மாறாமல் காப்பதே நம்மிடம் கேட்கப்படுவது.