பீப்பாவுக்குள் விழுந்த சில்லறை: ஹிரோஷிமா கார்ப் அணியின் கதை

ஜப்பானில் ஒரு தொழில்முறை பேஸ்போல் அணியை நடத்துவதென்றால் பின்னால் ஒரு பெரிய கொம்பனி நிற்கவேண்டும். ஜயன்ட்ஸ் அணிக்குப் பின்னால் யொமியூரி பத்திரிகை நிற்கிறது. டைகர்ஸ் அணிக்குப் பின்னால் ஹன்ஷின் ரயில் கொம்பனி. அணியின் பெயரிலேயே முதலாளியின் பெயரும் சேர்ந்து வரும். 1950இல் முதன்முதலாகக் களமிறங்கிய ஓர் அணிக்கு மட்டும் அப்படிக் கைகொடுக்க ஒருத்தரும் இல்லை. அந்த அணியின் ஊர் ஹிரோஷிமா.

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு அந்த ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்திருந்தார்கள் என்பது பொதுவான கணக்கு. அதற்குப் பிறகு ஐந்து வருடம்கூட ஆகாத நேரத்தில், வீடே சரியாக இல்லாத ஊரில், பேஸ்போல் அணி ஒன்று எதற்கு? அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

அணிக்கு வைத்த பெயர் 'கார்ப்', அதாவது கெண்டை மீன். ஹிரோஷிமாக் கோட்டைக்குக் 'கெண்டைக் கோட்டை' என்றொரு பழைய பெயர் உண்டு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிற மீன் என்று ஜப்பானியர்கள் கெண்டையைக் கொண்டாடுவதும் உண்டு. பெயர் நல்ல பெயர்தான், ஆட்டம்தான் வாய்க்கவில்லை. முதல் வருடம் 41 வெற்றி, 96 தோல்வி. பட்டியலில் கடைசி இடம்.

அடுத்த வருடம் காசும் முடிந்துவிட்டது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. 1951 மார்ச்சில் அணியை வேறொரு அணியோடு இணைத்துவிடலாம் என்ற முடிவுக்கே நிர்வாகம் வந்துவிட்டது. பயிற்சியாளர் இஷிமொட்டோ ஷூயிச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஹிரோஷிமாக்காரர். ஊர்ச் சனத்திடமே கேட்போம் என்று ஆதரவாளர் சங்கங்களைக் கட்ட இறங்கினார். மைதான வாசலில் 'சாக்கே' மதுப் பீப்பாக்களை வைத்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் டிக்கெட் காசுக்கு மேலே தங்களிடம் இருந்த சில்லறையையும் அதற்குள் போட்டார்கள். குண்டில் குடும்பத்தை இழந்தவர்களும் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்களும் வாழ்ந்த ஊரில் சேர்ந்த காசு அது. அணி தப்பியது. இன்றைக்கும் ஹிரோஷிமாவில் 'பீப்பா நிதி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

1952இல் இன்னொரு கண்டம் வந்தது. அணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பிய லீக், வெற்றி வீதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும் அணி தொடர்ந்து இருக்க முடியாது என்ற மாதிரி ஒரு நிபந்தனையைப் போட்டது. முதல் வருடத்தில் கார்ப்பின் வீதம் 30ஐத் தொடவேயில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய தலைக்குக் குறி வைத்த விதி என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த வருடம் கார்ப் 31.6 சதவீதத்தோடு தப்பிக்கொண்டது. கீழே விழுந்தது ஷொச்சிக்கு ரொபின்ஸ். இரண்டு வருடங்களுக்கு முன்னர் லீக்கையே வென்ற அணி அது.

1957 ஜூலையில் உள்ளூர் நிறுவனங்கள் கொடுத்த நிதியில் ஹிரோஷிமா மாநகர மைதானம் திறக்கப்பட்டது. இரவு ஆட்டத்துக்கு மின்விளக்குகளும் போட்டார்கள். அது எழும்பிய இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். எலும்புக்கூடாக நிற்கிற அணுகுண்டு மாடக் கட்டடத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேர் எதிரே, தெருவுக்கு மற்றப் பக்கம்தான் அந்த மைதானம். அதே மொட்டோமச்சிப் பகுதியில் ஆற்றங்கரையோரமாகக் குடிசைகள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. குண்டில் தப்பியவர்களும் கொரியர்களும் அங்கே இருந்தார்கள். குண்டில் தப்பியவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டமே அந்த 1957இல்தான் வந்தது. குண்டு விழுந்து 12 வருடத்துக்குப் பிறகு! குடிசைகள் போய் அடுக்குமாடி வீடுகள் வந்து முடிய இன்னும் 20 வருடம் எடுத்தது. ஆகவே 'பேஸ்போல் ஹிரோஷிமாவைக் குணப்படுத்தியது' என்று யாராவது எழுதினால் நாங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் வாசிக்கிறோம். ஒரு ஹோம் ரன்னால் யாருடைய தீக்காயமும் ஆறுவதில்லை.

மாடக் கட்டடத்தை என்ன செய்வது என்பதிலும் ஊரில் நீண்ட காலம் இழுபறி இருந்தது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது, இடித்துவிடுங்கள் என்றார்கள் ஒரு பகுதியினர். இடித்தால் நடந்ததற்குச் சாட்சி போய்விடும் என்றார்கள் மற்றவர்கள். 1966இல் மாநகர சபை அதை என்றைக்கும் பாதுகாப்பதென்று தீர்மானித்தது. திருத்த வேலைக்குக் காசு வந்தது பொதுமக்களின் நன்கொடையில் இருந்து. தங்கள் அணிக்காகப் பீப்பாவில் காசு போட்ட ஊர், தங்கள் இடிபாட்டுக்கும் காசு போட்டது.

1968இல் டொயோ கொக்யோ, அதாவது இன்றைய மஸ்டா கார்க் கொம்பனி, முக்கிய பங்காளியானது. அணியின் பெயரிலும் 'டொயோ' ஏறியது. பீப்பா நிதியிலேயே அணி கடைசிவரை ஓடியது என்று நினைத்துவிட வேண்டாம். ஆனாலும் மஸ்டாவும் ஹிரோஷிமாக் கொம்பனிதான். 'எங்கட அணி' என்ற எண்ணம் சனத்திடமிருந்து போகவில்லை.

வெற்றி வர 1975 ஆகியது. அந்த வருடம் பொறுப்பெடுத்த அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ லுட்ஸ் தொப்பியின் நிறத்தைச் சிவப்பாக மாற்றினார். நடுவரோடு முரண்பட்டு ஏப்ரலிலேயே விலகியும் போனார். சிவப்பு மட்டும் நின்றுவிட்டது. கோபா தக்கேஷி பொறுப்பேற்றார். ஒக்டோபர் 15ஆம் திகதி டோக்கியோவில் ஜயன்ட்ஸுக்கு எதிராக, கடைசி இன்னிங்ஸில் கேல் ஹொப்கின்ஸ் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னோடு 4-0 என்று வென்றார்கள். 26ஆவது பருவத்தில் முதல் லீக் பட்டம். வெற்றி ஊர்வலம் ஹிரோஷிமாவின் சமாதானப் பெருவீதியால் போனது. இரண்டு பக்கமும் இலட்சக்கணக்கான சனம். அதில் சிலர் இறந்துபோன தங்கள் உறவினர்களின் படங்களைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். வெற்றியை அவர்களுக்கும் காட்டவேண்டும் என்று கொண்டுவந்தவர்கள். இந்த அணியின் வரலாற்றில் மிக முக்கியமான காட்சி எது என்று கேட்டால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். அங்கே பந்தும் இல்லை, மட்டையும் இல்லை.

பிறகு 1979. கினுகாசா சச்சியோ என்ற வீரர் ஓர் ஆட்டமும் தவறவிடாமல் வருடக் கணக்காக ஆடிக்கொண்டிருந்தவர். அவருடைய தந்தை ஓர் ஆபிரிக்க அமெரிக்கப் படைவீரர். ஓகஸ்ட் 1ஆம் திகதி பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அடுத்த நாள் மட்டையோடு வந்து நின்றார். மூன்று பந்துக்கும் முழு வேகத்தில் வீசி, மூன்றையும் தவறவிட்டு ஆட்டமிழந்தார். முதலாவது வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது தனக்கு, மூன்றாவது தன்னைக் காயப்படுத்தியதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பந்துவீச்சாளருக்கு என்று பிறகு சொன்னார். தொடர்ச்சியாக 2,215 ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் 1987இல் ஓய்வெடுத்தார்.

அதே 1979 நவம்பர் 4ஆம் திகதி ஜப்பான் தொடரின் ஏழாவது ஆட்டம், எதிரணி கின்டெட்சு. கார்ப் 4-3 என்று முன்னிலை. கடைசி இன்னிங்ஸ், ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை, மூன்று பேஸிலும் எதிரணி ஓட்டக்காரர்கள். எல்லே விளையாடினவர்களுக்கு இதன் கலவரம் உடனே விளங்கும்: ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் முடிந்தது. பந்துவீசியவர் எனட்சு யுட்டகா. தனக்குப் பதிலாக வேறு பந்துவீச்சாளர்களைத் தயார்ப்படுத்துவது தெரிந்து அவர் மனம் குலைந்திருந்தார். அப்போது பக்கத்தில் வந்து தேற்றியவர் கினுகாசா. முதலாவது ஆளை எனட்சு வீழ்த்தினார். அடுத்தவர் பந்தை மெதுவாகத் தட்டி மூன்றாம் பேஸில் நின்றவரை ஓடவைக்கப் பார்த்தார். எனட்சு பந்தை விலக்கிப் போட, மட்டையில் படவில்லை. ஓடி வந்தவரும் அகப்பட்டார். பிறகு அந்தத் துடுப்பாட்டக்காரரும் வீழ்ந்தார். அந்த இன்னிங்ஸில் மொத்தம் 21 பந்துகள். கார்ப்பின் முதல் ஜப்பான் தொடர் வெற்றி அது. 1980, 1984 என்று இன்னும் இரண்டு வந்தன. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

ஆனால் பீப்பா திரும்பி வந்தது. பழைய மைதானம் இற்றுப்போய், புதியதொன்றுக்குக் காசு தேவைப்பட்ட 2000களில் மறுபடியும் பீப்பாக்களை வைத்தார்கள், சனம் மறுபடியும் போட்டது. 2009இல் புதிய மைதானம் திறந்தது. அமெரிக்காவில் பல மடங்கு சம்பளம் வாங்கக்கூடிய குரொடா ஹிரோக்கி, 40 வயதில் 2015ஆம் ஆண்டுப் பருவத்துக்காக ஊர் அணிக்குத் திரும்பினார். அந்த வருடம் ஓகஸ்ட் 6ஆம் திகதி எல்லா வீரர்களும் முதுகில் ஒரே இலக்கத்தோடு ஆடினார்கள்: 86. எட்டாம் மாதம், ஆறாம் நாள். அடுத்த வருடம் 25 வருடங்களுக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது. அதை உறுதி செய்த ஆட்டத்தில் வென்ற பந்துவீச்சாளர் குரொடாதான்.

போர் முடிந்த இடங்களில் விளையாட்டுப் போட்டியைக் கொண்டுவந்து வைத்து, 'பழசை மறந்திட்டு விளையாடுங்கோ' என்று சொல்வது எங்களுக்கும் பழக்கமான குரல். ஹிரோஷிமாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே அணியைக் காப்பாற்றியவர்கள் பாதிக்கப்பட்ட சனம்தான். மறப்பதற்காக அவர்கள் மைதானத்துக்குப் போனதாகவும் தெரியவில்லை. மறக்கப் போகிறவர்கள் செத்துப்போனவர்களின் படங்களை ஏன் கொண்டுபோகப் போகிறார்கள்? அரை நூற்றாண்டாக அந்த மைதானத்தில் கத்தி, கைதட்டி, தோற்று, வீட்டுக்குப் போன ஒவ்வொருத்தரும் வாசலைத் தாண்டியவுடன் அந்த எலும்புக்கூட்டு மாடத்தைப் பார்த்தபடிதான் நடந்தார்கள். பழைய மைதானத்தை இப்போது இடித்தாயிற்று. இடித்தபோது வலப்பக்க இருக்கைகளில் ஒரு துண்டை மட்டும் விட்டு வைத்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் மாடம் இன்னும் நிற்கிறது.