கடற்கரை ஓவியத்தில் துடுப்புப் பிடித்தவர்கள்

காரைக்கால் கடற்கரையின் கிளிஞ்சல்மேட்டு மீனவர்களுக்குக் கடல் தொழில் செய்யும் இடம். இந்தக் கரைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர்களுக்கோ அது கோட்டைக்கு முன்னால் விரிந்து கிடந்த காட்சி. சோழமண்டலக் கரையின் பழைய படங்களைப் பார்க்கும்போது, ஓவியர் எங்கே நின்று பார்த்தார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்தார்கள். திப்பு சுல்தானுடன் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை செய்துகொண்ட ஆண்டு அது. அவர்களது ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்களுள் ஒன்று, 1797-இல் வெளிவந்த சென்னைக் கோட்டையின் தென்கிழக்குத் தோற்றம். செப்புத் தகட்டில் பிசின்பொடி படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் பூசும் முறை இவர்களுடையது. வானத்தின் மென்மையான சாயல்கள் அதனால் வந்தவை. அகன்ற வானம், நுரைக்கும் அலை, படகுகள், அப்பால் வெள்ளைக் கோட்டை என்று அமைந்த படம், ஆங்கிலேய ஆட்சியின் உறுதியைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

அந்தக் கோட்டைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரையேற வேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த அதன் பலகைகள் அலையின் அடிக்கு வளைந்து கொடுத்தன. கவிழ்ந்தால் காப்பாற்றக் கட்டுமரங்கள் உடன் சென்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபம் இந்தப் படகோட்டிகளின் கைகளை நம்பியே நடந்தது. ஓவியத்திலோ அவர்கள் அலையின் ஆபத்தை உணர்த்தும் சிற்றுருவங்கள்.

அதே காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியர்களுக்காகச் சாதி, தொழில் வாரியாகத் தம்பதியர் படங்களை வரைந்தார்கள். தொழிற்கருவியும் உடையும் துல்லியமாக இருக்கும். பின்னணி பெரும்பாலும் வெறுமை. அங்கே மனிதர் உண்டு, அவர் உழைக்கும் இடம் இல்லை. டேனியல்கள் இடத்தைத் தீட்டி மனிதரைச் சுருக்கினார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கரை முழுமையாகும்.

ஓவியர்களைப் போலவே ஆட்சியாளர்களும் இந்தக் கரைக்கு வந்து போனார்கள். தரங்கம்பாடியில் 1620-இல் டென்மார்க்கின் கொடியும், காரைக்காலில் 1739-இல் பிரெஞ்சுக் கொடியும் ஏறின. இரண்டும் இறங்கிவிட்டன. ஆனால் வாடைக் காற்றையும் கொண்டல் காற்றையும் கணித்துக் கடலுக்குப் போகும் அறிவு இந்தக் கரையிலேயே இருக்கிறது. அந்த அறிவுடையவர்களின் பிள்ளைகள் தூரிகை பிடிக்க வேண்டும். நம் பள்ளிகள் அதற்கு வழிசெய்ய வேண்டும். அவர்கள் வரையும் கடலில் படகோட்டிக்கு முகம் இருக்கும்.