முத்திரையும் கையும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் பல்லாவரத்தைக் கடந்ததும் வருகிற குரோம்பேட்டை, எந்தத் தெய்வத்தின் பெயராலும் எந்த அரசனின் பெயராலும் வழங்கப்படாமல், தோலைப் பதனிட உதவும் ஓர் உலோக உப்பின் பெயராலும், அந்த உப்பைக் கொண்டு 1912-ஆம் ஆண்டில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே நிறுவிய குரோம் லெதர் கம்பெனியின் பெயராலும் வழங்கி வருகிறது. ஒரு வர்த்தக ஸ்தாபனத்தின் பெயரை ஓர் ஊரே தன் பெயராக ஏற்றுக்கொண்டு, அந்த ஸ்தாபனத்தைக் கண்ணால் கண்டிராத தலைமுறைகளும் அதையே தங்கள் விலாசமாக எழுதி வருவதைக் காட்டிலும் பெரிய விசுவாசத்தை எந்தக் கம்பெனி எதிர்பார்க்க முடியும்? இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில் காலணியோடு சம்பந்தப்பட்ட விசுவாசம் இன்று நேற்று தோன்றியதல்ல. நைக்கி என்றும் அடிடாஸ் என்றும் அபிமானம் கொண்டு, ஒரே முத்திரையைத் தவிர வேறொன்றைக் காலில் ஏற்ற மறுக்கும் இன்றைய இளைஞர்களைப் பற்றி நியாயமாக ஏதேனும் சொல்ல வேண்டுமானால், இந்த மண்ணில் காலணியை யார் தைத்தார்கள், யார் அணிந்தார்கள், யார் அணியக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

செருப்பு அணிவது வெயிலுக்கும் முள்ளுக்கும் அஞ்சிய மனிதனின் சாதாரண ஏற்பாடு என்று நாம் எண்ணுகிறோம். நம் சரித்திரத்தில் அது நெடுங்காலம் ஒரு பாத்தியதையாகவே இருந்தது. கொங்கு நாட்டுக் கம்மாளருக்குத் தங்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியவும் அரசன் உரிமை அளித்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அரசன் அளித்தால்தான் உண்டு என்ற நிலையில் கம்மாளரே இருந்தார்கள் என்றால், செத்த மாட்டைச் சுமந்து, தோலை உரித்து, ஊரார் அனைவருக்கும் செருப்பும் ஏர்வாரும் தைத்துக் கொடுத்தவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? தான் தைத்த செருப்பைத் தானே காலில் அணிந்து மேல்சாதியார் தெருவில் நடக்க முடியாமல், கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைக்கும் பிறர் தயவையே நம்பியிருப்பதை விரிவாக எழுதிச் சர்க்காருக்கு அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்கும் நில ஒதுக்கீட்டுக்கு மறு ஆண்டு பிறந்த உத்தரவு அந்த அறிக்கையின் பயனே. இதே ஜில்லாவின் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லா ஜாதியாருக்கும் சம உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். ஒரு தெருவில் நடக்கச் சட்டசபைத் தீர்மானம் தேவைப்பட்ட தேசம் இது.

ஆகவே பாட்டன் வெறுங்காலோடு ஒதுங்கி நின்ற தெருவில், பேரன் தன் முதல் மாதச் சம்பளத்தின் பெரும்பங்கைக் கொடுத்து வாங்கிய வெள்ளைக் காலணியோடு நிமிர்ந்து நடப்பானாயின், அவனுடைய அபிமானத்தை வெறும் ஆடம்பரம் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மாமல்லபுரத்து ஸ்தலசயனப் பெருமாள் சந்நிதிக்கு வந்த ஓர் இளைஞன், செருப்புக் காப்பவரிடம் விடுவதற்கு மனமின்றித் தன் காலணிகளைக் கழற்றி, அடிப்பாகத்து மணலைக் கைக்குட்டையால் துடைத்து, ஒரு துணிப்பையில் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே சென்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துடைப்பில் இருந்த கவனம் பொய்யானதல்ல. அந்த விசுவாசம் யாரைப் போய்ச் சேருகிறது என்பதுதான் என் கேள்வி.

சேம்பர்ஸுக்கு முன்பே இந்தப் பிரதேசத்தில் தோல் தொழில் செழித்திருந்தது. புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் தானாக மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியின் பட்டையை ஊறவைத்து, கடுக்காயும் சேர்த்துப் பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக லண்டனுக்குச் சென்றன. அங்கே மேலும் செப்பனிடப்பட்டு, வெட்டித் தைக்கப்பட்டு, வேறொருவருடைய பெயரைத் தாங்கி விலைபோயின. முதல் உலக யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் போர்வீரனின் பூட்ஸுக்கு மேற்பாகம் இந்தத் தோலாலேயே அமைந்ததால், சர்க்கார் 1916-ல் அதன் ஏற்றுமதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சேறு நிறைந்த பிரெஞ்சுப் பதுங்குகுழியில் நின்ற அந்தச் சிப்பாய்க்கு, தன் காலைக் காத்த தோல் எந்த ஏரிக்கரையின் ஆவாரம்பட்டையில் ஊறியது என்று யார் சொல்லியிருப்பார்கள்?

குரோமியத்தைக் கொண்டு தோலைப் பதனிடும் முறை அமெரிக்காவில் 1884-ல் ஷூல்ட்ஸ் என்பவருக்கு உரிமைப் பத்திரம் கிடைத்த பிறகு பரவியது. அதைச் சென்னை ராஜதானிக்குக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை எஞ்சினீயரிங் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவரும், அலுமினியப் பாத்திரத் தொழிலை நம் நாட்டில் ஊன்றியவருமான அவர், 1903-ல் இந்தச் சோதனையைத் தொடங்கியபோது மனத்தில் கொண்டது கனவான்களின் பூட்ஸை அல்ல, உழவனின் கிணற்றை. கவலை இறைக்கும் தோற்பை நீரிலேயே கிடந்து சீக்கிரம் நைந்துபோவதைக் கண்டு, நீருக்கு அசையாத குரோம் தோலால் அதைச் செய்துகொடுக்க விரும்பினார். பிறகு அவர் நடத்திய சர்க்கார் தோல் சாலையில் செருப்பும் பூட்ஸும் தயாராயின. சர்க்கார் வியாபாரத்தில் இறங்குவதைச் சகியாத ஐரோப்பிய வர்த்தகர்கள் ஆட்சேபித்தார்கள். இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910-ல் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார். அந்தத் தோல் சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. குடியானவனின் தோற்பைக்காகப் பிறந்த ஒரு வித்தை இரண்டே ஆண்டுகளில் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் தனியார் கம்பெனியாக உருவெடுத்ததை இந்தத் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கும்போது, மார்லியின் முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கம்பெனியைச் சுற்றியும் நாகல்கேணியிலும் தோல் ஷாப்புகள் பெருகின. உப்பிட்டு வந்த பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைக் களைந்து, கொழுப்பும் சவ்வும் போகும்படி வழித்து, மறுபடி கழுவி, பெரிய மரப் பீப்பாயில் குரோம் உப்போடு சுழலவிட்டால், வெண்மையாக உள்ளே சென்ற தோல் வானத்து நீலமாக வெளியே வரும். ஆவாரம்பட்டைக்கு வாரக்கணக்கில் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். சுண்ணாம்பு தின்ற விரல்களும், எவ்வளவு குளித்தாலும் போகாத வாடையும், அதைச் செய்தவர்களுக்குக் கிடைத்த முத்திரை. ஒவ்வொரு கட்டத்திலும் கழுவிக் கொட்டிய நீர் தாழ்ந்த இடம் பார்த்து ஓடியது, கிணறுகள் உவர்த்தன, குடிக்கும் நீரில் குரோமியம் கலந்தது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் தேசத்துச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு. ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் அன்று செங்கை எம்.ஜி.ஆர். ஜில்லா என்று வழங்கிய நம் செங்கல்பட்டும் ஒன்று. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று அந்தத் தீர்ப்பே கணக்குச் சொல்கிறது. அபராதம் கட்டியவர் உள்ளூர் முதலாளி. அவரிடம் தோலை வாங்கிக் காலணியாக்கி, தன் முத்திரையைக் குத்தி விற்ற கடல்கடந்த வியாபாரி அந்த வழக்கில் பிரதிவாதியாக நிற்கவில்லை.

முத்திரையின் மகிமையை இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1964-ல் ஜப்பானியக் காலணிகளை வாங்கி விற்கும் சிறு வியாபாரமாகத் தொடங்கி, 1971-ல் தன் காலணிகளுக்கு நைக்கி என்ற பெயரைச் சூட்டிய கம்பெனி, இன்று உலகம் முழுவதும் அறிந்த அந்த வளைகோட்டை ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து 35 டாலருக்கு வாங்கியது. பிற்காலத்தில் நன்றி பாராட்டி அவருக்குப் பங்குகளும் அளித்தது. கோட்டை வரைந்தவருக்குக் கிடைத்த அந்த நன்றி, தைத்தவர்களை எட்டியதா? நைக்கி தன் காலணிகளைத் தானே தைப்பதில்லை. ஜப்பானில், பிறகு கொரியாவிலும் தைவானிலும், அப்புறம் இந்தோனேசியா, சீனம், வியட்நாமில் என்று கூலி குறைந்த இடம் தேடிப் பிறரைக் கொண்டு தைப்பித்து, வரைபடத்தையும் விளம்பரத்தையும் முத்திரையையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வதே அதன் தொழில் ரகசியம். அந்தப் பிரயாணம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. நைக்கிக்காகத் தைக்கும் தைவானின் ஃபெங் டே நிறுவனத்தின் தொழிற்சாலை செய்யாற்று சிப்காட்டில் நடக்கிறது. அடிடாஸுக்காகத் தைக்கும் ஆலை வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடாவில் இருக்கிறது. 2022-ல் தமிழக அரசு காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் என்றே ஒரு தொழிற்கொள்கையை வெளியிட்ட பின் கள்ளக்குறிச்சிக்கும் பனப்பாக்கத்துக்கும் புதிய ஆலைகள் வருகின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ் ஏறும் பெண்களே அங்கே பெரும்பான்மை. களையெடுப்பும் நாற்று நடவும் தவிர வேறு சம்பாத்தியம் அறியாத வீடுகளில் மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் நுழைந்திருப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

செங்கல்பட்டில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், அடிப்பாகம் பிளந்த நைக்கி காலணி ஒன்றை மடியில் கவிழ்த்துப் பிடித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, குத்தூசியைச் சரித்து இறக்கி, மெழுகு நூலை வாங்கி இழுத்துக்கொண்டே, மேற்பாகத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கை தம்பி, ஒரு தையல்கூட விலகல" என்றார். முத்திரையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காலணியை வாங்கியவன் பார்த்தது ஒன்று, தொழில் தெரிந்தவர் பார்த்தது வேறொன்று.

தைத்த கையை மதிக்கும் இந்தப் பார்வைக்கு இந்தக் கடற்கரையில் மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தின் மேல் பல்லவ மன்னனின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உளி பிடித்தவனுக்கு அந்தச் சுவர்களில் இடமில்லை. ஆனால் ஊருக்கு மேற்கே பூஞ்சேரியில், பிரயாணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு பாறையில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், கொல்லன் ஸேமகன் என்று சில பெயர்கள் பழைய எழுத்துகளில் காணப்படுகின்றன. அவை மல்லையின் கல்லைச் செதுக்கியவர்களுடைய பெயர்களே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உளியைத் தீட்டிக் கொடுத்த கொல்லனையும் விட்டுவிடாமல் சேர்த்து எழுதிய அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. மன்னனிடம் விசுவாசம் கொண்டவர்கள்தாம் அவர்களும். அந்த விசுவாசம் தங்கள் பெயரை அழித்துக்கொள்ளும்படி அவர்களைக் கேட்கவில்லை.

இராமனுடைய பாதுகைகளைச் சிங்காதனத்தில் வைத்துப் பதினான்கு ஆண்டு அரசு நடத்திய பரதனை விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்வது நம் வழக்கம். ஏரி காத்த இராமர் எழுந்தருளியிருக்கும் மதுராந்தகம் இந்த ஜில்லாவிலேயே இருப்பதால் அந்தக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். பரதன் அந்தப் பாதுகைகளின் முன்னே கணக்குச் சொல்லும் கடமையை ஏற்றான்; அயோத்தியின் குடிகளில் ஒருவனுக்கு அநீதி நேர்ந்தால் அது பாதுகைகளுக்கே அபசாரம் என்று நடந்தான். அபிமானி கணக்குக் கேட்டால் மூலவர் கோபிப்பார் என்று அஞ்சுவது பக்தியல்ல, அடிமைத்தனம்.

அபிமானிகள் கணக்குக் கேட்டதால் என்ன நேர்ந்தது என்பதற்கும் சரித்திரம் உண்டு. நைக்கியின் வியட்நாம் தொழிற்சாலை ஒன்றில், காலணி ஒட்டும் பசையிலிருந்து எழும் டொலுவீன் ஆவி சட்ட வரம்பை மீறியிருந்ததை, கம்பெனிக்காகவே தயாரிக்கப்பட்டு 1997-ல் வெளியே கசிந்த தணிக்கை அறிக்கை காட்டிற்று. அந்தக் காலணிகளை வாங்கிக் கொண்டாடிய அமெரிக்க மாணவர்களே கல்லூரிதோறும் கிளர்ச்சி செய்தார்கள். 1998 மே மாதத்தில் கம்பெனியின் தலைவர் ஃபில் நைட், தங்கள் சரக்கின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டதென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, காலணித் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேருவோரின் குறைந்தபட்ச வயதை 18 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். மறுத்துவிட்டு விலகிப்போனவர்களைக் காட்டிலும், "எங்கள் முத்திரை இப்படியிருக்கலாமா?" என்று உரிமையோடு கேட்டவர்களின் குரல் அந்த வாசலில் உரக்கக் கேட்டிருக்கும் என்பது என் துணிபு. 2005-ல் நைக்கி, அதுவரை வியாபார ரகசியம் என்று மறைத்து வைத்திருந்த தொழிற்சாலைகளின் பெயர்களையும் விலாசங்களையும் தானே வெளியிட்டது.

அந்தப் பட்டியலைக் கம்பெனி இன்றும் புதுப்பித்து வெளியிடுகிறது. செய்யாற்று ஆலையும் அதில் இருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் எதிரே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் பெண்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற விவரங்களும் காணப்படுகின்றன. அவர்களுக்குக் கூலி எவ்வளவு என்பதற்கு மட்டும் அதில் இன்னும் ஒரு பத்தி ஏற்படவில்லை.