இலையும் அறிவும்

மலைநாட்டைத் தேயிலை நாடாக்கியது ஒரு நோயாகும். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் இத்துரு நோய் அப்பயிரையே வீழ்த்திற்று. கோப்பியை நம்பித் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். 1880இல் இலங்கைக்கு வந்த ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்றும், அதன் நுண்வித்துக்கள் காற்றிற் பரவுகின்றன என்றும் நிறுவினார். உண்மை தெரிந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது.

கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பெற்றது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர்த் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று. 1946இல், இளங்கொழுந்திற் கொப்புளம் எழுப்பும் நோய் இலங்கையை அடைந்தது. இம்முறை நாடு கையற்று நிற்கவில்லை. செப்பு மருந்து பயனளித்தது. நல்ல தாய்ச் செடிகளைத் தேர்ந்து, ஓரிலைத் துண்டுகளைத் தவறணையில் நட்டுக் கன்றுகளாக்கும் முறையும் வளர்ந்தது.

எனினும் ஒரு வினா எஞ்சியது. ஒரே செடியின் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் மரபணுக்கள் ஒன்றே. பின் அவை வேறுபடுவது எங்ஙனம்? எல்லா மரபணுக்களும் எக்காலமும் தொழிற்படுவதில்லை. எது எப்போது இயங்குகிறது, எது அடங்குகிறது என்னும் ஒழுங்கே வேறுபாட்டை விளைவிக்கிறது. நோயைத் தாங்குதலும் இவ்வொழுங்கைச் சார்ந்ததே.

1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதனைக் காண வழி கண்டனர். கண்ணாடித் தகட்டிற் புள்ளிக்கு ஒரு மரபணுவாக டி.என்.ஏ.யைப் பதித்தனர். இரு நிலையிலுள்ள கலங்களின் மரபணுச் செய்திகளைப் படியெடுத்து, இரு நிறச் சாயமேற்றித் தகட்டில் இட்டால், ஒவ்வொன்றும் தன் இணையைச் சென்று பற்றும். எந்நிலையில் எம்மரபணு மிகுதியாகத் தொழிற்பட்டது என்பதைப் புள்ளியின் நிறமே காட்டிவிடும். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றின் 45 மரபணுக்களே முதலில் ஆராயப்பட்டன.

இத்தகடு பேராய்வாளர்க்கே உரிய பொருளாக நின்றுவிடவில்லை. டேவிட்சன் கல்லூரிப் பேராசிரியர் மால்கம் கேம்பெல் தொடங்கிய கூட்டமைப்பு, வசதி குறைந்த கல்லூரிகளும் மாணவர்க்கு இச்சோதனையைக் கற்பிக்க வழி செய்தது. பின்னர் வந்த முறைகள் தகட்டின் இடத்தைப் பெரிதும் பெற்றுக்கொண்டன. 2017இல் சீன அறிஞர், ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்ட தேயிலையின் மரபணுத் தொகுதியை வெளியிட்டனர்.

ஏடு விரிந்துவிட்டது, அதனைக் கற்றறிவோர் வேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து கொய்வோரின் பிழைப்பு இலையின் நலத்திலேயே தங்கியுள்ளது. அவர்தம் பிள்ளைகளும் அவ்வேட்டைக் கற்பாராயின், அடுத்த நோய் வருங்கால் உண்மை பிந்தி வாராது.